ஏவரில் விடாத சுரம்

எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் தர்லோ துரை வீட்டுச் சமையல்கட்டில் இருபத்தெட்டு வருஷம் வெந்தவள் நான். வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் சாப்பாட்டுக் கூடத்திலேயே பெட்டியைத் திறந்து, வயோல் என்கிற தந்தி வாத்தியங்களை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லை இழுக்க ஆரம்பித்தால், எச்சில் தட்டை எடுக்கக்கூட உள்ளே போக முடியாது. வாசற்படியில் கைகட்டி நிற்பேன். அப்படி நின்றதால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வாசிக்க ஐந்து பேர் வேண்டும். துரை, மகன் கைல்ஸ், மகள் லெட்டிஸ், பாதிரியார், துரைசானி. பிரசவத்தில் துரைசானி போனபின் ஒரு வயோல் சும்மா கிடந்தது. அப்போதுதான் துரைக்குச் சலவைக்காரி ஏவரிலின் நினைப்பு வந்தது.

ஏவரிலுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அம்மா இல்லை. கைகள் எப்போதும் சாம்பல் நீரில் வெந்து சிவந்திருக்கும். ஆனால் இருநூறு படுக்கை விரிப்பை ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணுவாள். துரைக்கு வேண்டியது அதுதான். அவர்கள் வாசிப்பதில் ஒரு வகை உண்டு. நாலு பேர் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், ஐந்தாவது ஆள் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணும்வரை அசையக் கூடாது. பிறகு அடுத்த சுரம். மறுபடி எட்டு. லெட்டிஸ் பாடும்போதும், ஆட்டத்துக்கு வாசிக்கும்போதும் ஏவரிலுக்கு வேலையில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எதிரே கைல்ஸ். ஒவ்வொரு எட்டு முடியும்போதும் தன் சுர ஏட்டிலிருந்து கண்ணை எடுத்து, அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவான். அவள் சுரத்தை மாற்றுவாள். வேறு பேச்சு, சிரிப்பு ஒன்றும் கிடையாது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒருநாள் கேட்டேன்.

“ஏண்டி, சின்னய்யா உன்னப் பாத்துத் தலைய ஆட்டுறாரே, என்ன சங்கதி?”

“எண்ணிக்கை விட்டுருவேன்னு பயப்படுறாருக்கா. எனக்கென்ன தெரியும்.”

ஒன்பது வருஷம் இப்படியே போனது. பிறகு ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை மூண்டது. கைல்ஸ் ராஜா பக்கம் போனான். கிளம்பும்போது, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஏவரில் பக்கம் குதிரையை நிறுத்தினான்.

“நான் வர்ற வரைக்கும் சுரத்த விட்டுராத” என்றான் சிரித்துக்கொண்டே.

“சரிங்க” என்றாள்.

இரண்டாம் வருஷம் ஜூனில் செய்தி வந்தது. உடல்கூட வரவில்லை. எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கும் தராதரம் உண்டு. குடும்பத்துக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுப்பு. வேலைக்காரர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு முழம் கறுப்பு நாடா. ஏவரிலும் என்னைப்போல நாடாவை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் ஒரே போர்வையை மூன்று முறை துவைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கைல்ஸ் கிளம்பிய நாளிலிருந்தே வயோல் பெட்டி பூட்டிக் கிடந்தது. வருஷ நினைவு நாளில் மகனுக்குப் பிடித்ததை வாசிக்க வேண்டும் என்று துரை திறக்கச் சொன்னார். கைல்ஸின் நாற்காலியில் லெட்டிஸின் புருஷன் உட்கார்ந்தான். நல்ல மனுஷன், நன்றாகவும் வாசிப்பான். ஆனால் ஏட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

ஆரம்பித்தார்கள். ஏவரில் முதல் சுரத்தை இழுத்தாள். எட்டு வந்தது, போனது. அவள் மாற்றவில்லை. எதிரே இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு அதே சுரத்தை இழுத்தாள். எனக்கே காது கூசியது. மற்ற நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை. வில் முனைக்குப் போனால் திருப்பிக்கொண்டு, அதே சுரம்.

“பத்து வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் எட்டு எண்ணத் தெரியலியா?” என்றாள் லெட்டிஸ்.

ஏவரிலின் வில் நின்றது.

“எண்ணத் தெரியுங்கம்மா. நான் எண்ணுனதே இல்ல. அவரு தலைய ஆட்டுனா மாத்துவேன்.”

துரை தன் ஏட்டை மூடினார். ஒன்பது வருஷம் அந்த வாசற்படியில் கண்ணைத் திறந்துகொண்டு குருடியாக நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை துரை தானே சலவைக்கூடத்துக்கு வந்தார். அந்தப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு துணிக்கட்டு. முழு உடுப்புக்குக் காணும். ஏழு கஜம் கறுப்பு.

“லெட்டிஸுக்கு எடுத்த அதே துணிதாம்மா” என்றார். “லேட்டாக் குடுக்குறேன்.”

அதைத் தைத்துப் பதினோரு வருஷம் கட்டினாள் ஏவரில். சாயம் விடும் என்று தனித் தொட்டியில் அலசுவாள். வயோலை மட்டும் பிறகு தொடவே இல்லை.

போன ஜனவரியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்காகக் கறுப்பு கட்டச் சொந்தமென்று யாருமில்லை. அந்த உடுப்பை நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது.