கரிக்கிடங்கில் ஒரு புதுக்கோட்டை

நேற்று டோல்கேட் முனையில் ஏதோ லாரியிலிருந்து கரி சிந்திக் கிடந்தது. மழை வேறு தூறல். நனைந்த கரிக்கு ஒரு வாசம் உண்டு, துருப்பிடித்த இரும்பைக் கழுவி விட்டது போல. அது மூக்கில் ஏறியதும் குடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். "பெர்சு, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனான் ஒரு ஆட்டோக்காரன். அந்த ரோட்டில் ஓடுகிற லாரிகளில் பாதி என்னுடையது என்று அவனுக்கு யார் சொல்வது?

மூணாங்கிளாஸைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஒரு ராஜாவின் தலைநகரமே எனக்கு மனப்பாடம். ராயபுரத்தில் கரி சுமந்து படித்த படிப்பு அது.

சுதந்திரம் வந்ததும் சமஸ்தானங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா, அப்போது புதுக்கோட்டை அரண்மனை லாயத்தில் குதிரை தேய்த்துக்கொண்டிருந்த சுப்பையா வேலை போய் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தான். "இன்னா சமஸ்தானம், ராஜா நாஷ்டா துன்னாரா?" என்று காதர் மேஸ்திரி தினம் சீண்டுவார். அவனுக்குக் கோபமே வராது. "சாப்பிட்டிருப்பாரு பாய். லாயத்தத் திரும்பத் தொறந்தா மொத ஆளா என்னையத்தான் கூப்புடுவாரு" என்பான். அந்த நம்பிக்கையில் பெண்சாதி மீனாட்சியை ஊரிலேயே விட்டிருந்தான். திரும்பிப் போகத்தானே போகிறோம், அவளை எதற்கு இந்தக் கலீஜில் கொண்டுவந்து வைப்பது என்று.

எங்கள் கிடங்கில் கரியைத் தாறுமாறாகக் கொட்டி வைத்திருப்போம். வேகன் வந்தால் எங்கே கொட்டுவது, எங்கே அள்ளுவது என்று ஒரே பேஜார். சுப்பையாதான் அதற்கு நூல் பிடித்தான். நடுவில் இருந்த எடைக்கொட்டகைதான் அரண்மனை. சுற்றிலும் குவியல்கள், இடையே நேர்நேரான சந்துகள். கிழக்கே முதல் சந்து கீழ ராஜ வீதி, அடுத்தது கீழ ரெண்டாம் வீதி, அப்புறம் மூணாம் வீதி. மற்ற மூன்று பக்கமும் அப்படியே. மழைத்தண்ணி தேங்கும் பள்ளம் பல்லவன் குளம். "எங்க ஊரு ஒருதரம் எரிஞ்சு சாம்பலாப் போச்சாம். அப்பறம் ராஜா கோடு போட்டுக் கட்டுனாராம். வழி தப்பவே தப்பாது" என்பான். கொஞ்ச நாளில் காதர் மேஸ்திரியே, "டேய், மேல மூணாம் வீதில கொட்டுங்கடா" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஐப்பசி மழையில் ஊறிப்போன குவியல் சரிந்தது. "மேல மூணாம் வீதி, வடக்கு முக்கு! சமஸ்தானம் உள்ள கீறான்!" என்று குரல் கேட்டது. எவனும் எங்கே என்று கேட்கவில்லை. ஓடிப்போய்க் கையாலேயே தோண்டினோம். எடுத்தபோது மூச்சு இல்லை. தந்தி கிடைத்து மீனாட்சி வந்து சேரும்வரை வைத்திருக்க வழியில்லாமல் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எரித்துவிட்டோம்.

அவன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு நான்தான் புதுக்கோட்டைக்குப் போனேன். அரண்மனை மதில் கண்ணில் பட்டதற்கப்புறம் ஒரு ஆளை வழி கேட்டிருப்பேனா? என் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி அவன் வீட்டுக்கு நடந்தேன்.

மீனாட்சி அழவில்லை. "எந்த எடத்துல விழுந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். மெட்ராஸையே பார்க்காதவளுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் கிடங்கை அவள் ஊராகவே வைத்துச் சொன்னேன், கொட்டகை எது, சந்து எது என்று. கேட்டு முடித்தவள் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு எழுந்து நடந்தாள். மேல மூணாம் வீதி வடக்கு முக்கில் நின்று அதை மண்ணில் ஊற்றினாள். அங்கே உட்கார்ந்துதான் அழுதாள்.

"யாரு ஆத்தா செத்தது?" என்று போகிறவள் ஒருத்தி கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு. இந்தா, இங்கனதான்."

பிற்பாடு நாலு காசு பார்த்து, சொந்தக் காரில் அங்கே போனேன். மீனாட்சியின் வீடு இல்லை. அவள் எங்கே போனாள் என்று சொல்லவும் ஆளில்லை. அந்த முக்கில் செருப்புக் கடை. ராயபுரத்தில் கிடங்கு இருந்த இடத்தில் கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். சந்துகளுக்கு வெறும் நம்பர்தான். காதர் மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முக்கில் செத்தது யார் என்று கேட்டால் சொல்வதற்கு, ரெண்டு ஊரிலும் சேர்த்து நான் ஒருத்தன்தான் மிச்சம். கேட்கத்தான் யாரும் இல்லை.