கட்டாருக்குப் போன நளீர்

என்ட தம்பி நளீர் ஒரு நாளும் கட்டாருக்குப் போகல்ல. பாஸ்போட்டே எடுக்கல்ல. கல்முனைக்குடிக் கடற்கரையத் தாண்டி அவன் போனதெல்லாம் ஆழ்கடல் மீன்புடி போட்டுலதான். அவனைக் கட்டாருக்கு அனுப்பினது நான், அவன்ட ராத்தா ஜெமீலா. வாயாலதான் அனுப்பினன். அதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் குறுக்க வந்து, அது அவன்ட நஸீபு, தலையெழுத்து, நீ அழாத என்டு எனக்குச் சொல்ல வேணாம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிட்டுது.

நளீர் நல்ல கடல்காரன். பத்து நாள், பன்ரண்டு நாள் என்டு கடல்ல நிப்பான். கரைக்கு வந்தா என்ட வீட்டு வாசல்ல ஒரு பாரை மீனைப் போட்டுட்டுத்தான் பொஞ்சாதி வீட்டுக்குப் போவான். வலை இழுத்து இழுத்து முதுகு விட்டுப் போச்சு. கூடப் போன ஒருத்தன், இதைப் புகைச்சா நோவு தெரியாது என்டு போதைத் தூளைக் குடுத்திருக்கான். அவன்ட பேரை நான் சொல்ல மாட்டன், அவனும் இப்ப மண்ணுக்குள்ளதான். நோவு போனது மெய்தான். பிறகு தொழில் போச்சு. வீட்டுச் சாமான் ஒவ்வொண்டாக் காணாமப் போச்சு. மகள் நஸ்லாட தையல் மெசின் போன அண்டைக்கு அவன்ட பொஞ்சாதி ஷாஹினா கதவைச் சாத்தினா.

அவளை நான் குறை சொல்ல மாட்டன். எங்கட பக்கத்துல கலியாணம் முடிச்சா ஆம்பிளைதான் பொண்ணுட வீட்டுக்குப் போற. வீடு பொண்ணுட பேர்ல. எங்கட உம்மாட வீடு எனக்குச் சீதனமா வந்தது, ஷாஹினாட வீடு அவக்கு வந்தது. நளீருக்கு எங்க இருக்கு? நல்லா உழைக்கிற காலத்துல எந்த ஆம்பிளைக்கும் இது விளங்கிறதில்ல. கதவு சாத்தினாப் பிறகுதான், இந்த ஊர்ல தன்ட பேர்ல ஒரு முழ நிலமும் இல்ல என்டு விளங்கும். மூணு மாசம் கடற்கரையில வலை வைக்கிற வாடிக்குள்ள, பழைய வலைக்கு மேல கிடந்தான். கடைசியில என்ட புருஷன் மர்சூக்தான் போய்க் கூட்டிட்டு வந்தார். மருந்தெடுக்கிறதா இருந்தா மட்டும் இஞ்ச இரு மச்சான் என்டு சொன்னார். அவன் தலையக் குனிஞ்சிட்டு ஓம் என்டான்.

ஆஸ்பத்திரியில தூளை விடுறவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை கிளினிக். வார்ட்டில படுக்கத் தேவையில்ல, கிழமைக்கு ஒருக்கா வந்து கதைச்சு, சலம் சோதிச்சு, குளிசையோட வீட்டுக்குப் போகலாம். அந்தக் கிளினிக்கைப் பாத்த மேனுஜா மிஸ் காரைதீவுப் புள்ள. முப்பது வயசுகூட இருக்காது, கதைச்சா தலைமை வாத்திச்சி மாதிரி. அவ முதல்ல கேட்டதே, இவர் எங்க படுக்கிறார், குளிசை யார்ட கையில இருக்கும் என்டுதான். என்ட வீட்டில, என்ட கையில என்டன். அவன்ட கிளினிக் கொப்பியில என்ட பேரைப் பொறுப்பாள் என்டு எழுதினா. எனக்கு அண்டைக்குப் பெருமையா இருந்திச்சு. வெக்கமில்லாமச் சொல்றன், பெருமையாத்தான் இருந்திச்சு.

முதல் ரெண்டு கிழமை அவன் பட்ட பாட்டை அல்லாஹ் எதிரிக்கும் குடுக்கக் கூடாது. நடுங்கினான், சத்தி எடுத்தான், என்னை ஏசாத ஏச்செல்லாம் ஏசினான். நானும் விடல்ல, திருப்பி ஏசிக்கிட்டே கஞ்சி பருக்கினன். மூணாவது செவ்வாய் மிஸ் எங்கள் ரெண்டு பேரையும் இருத்தி வச்சு ஒரு விசயம் சொன்னா. விட்டிருக்கிற ஆள் பழைய அளவை ஒருக்கா எடுத்தாலும் உடம்பு தாங்காது, மூச்சு நிண்டு போகும். அதால ஒரு செவ்வாயும் தவற விட வேணாம். மனசு தடுமாறினா செவ்வாய் வரும் வரைக்கும் பாக்காம அண்டைக்கே வாங்க என்டா. நாங்க ரெண்டு பேரும் ஓம் ஓம் என்டு தலையாட்டினம்.

பதினொரு செவ்வாய் போனான். முகத்துல சதை புடிச்சிச்சு. ஜும்ஆவுக்குப் போனான், மர்சூக்கோட இருந்து கிழிஞ்ச வலை பொத்தினான்.

அந்த நேரந்தான் நஸ்லாக்குச் சாய்ந்தமருதுல சம்பந்தம் பொருந்தி வந்தது. நிக்காஹ்வுல பொண்ணைக் குடுக்கிற வொலி வாப்பாதானே. வாப்பா இருந்து, மாப்பிள்ளைட கையப் புடிச்சு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்டு சொல்லணும். ஷாஹினா ஆள் விட்டா, அவர் வந்து வொலியா இருக்கட்டும், நிக்காஹ் முடிஞ்ச பிறகு எங்கட வீட்டிலயே இருக்கட்டும் என்டு. அதைக் கேட்டு என்ட தம்பி குசினிக்குள்ள போய் நிண்டு குழந்தை மாதிரி அழுதான். அண்டையிலிருந்து வலை பொத்தும்போதும் கோழிக்குத் தீனி போடும்போதும் அந்த ஒரு வசனந்தான் அவன்ட வாயில. கோழிக்கெல்லாம் நிக்காஹ் முடிச்சுக் குடுத்துட்டாய்டா என்டு நான் பகிடி பண்ணுவன். அவனுக்கு வேற ஒண்டும் வேணாம். மகள்ட நிக்காஹ்வுல அந்தக் கையப் புடிக்கணும், சாத்தின கதவு திறக்கணும், அவ்வளவுதான்.

நிக்காஹ்வுக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஷாஹினா ஓடி வந்தா. மாப்பிள்ளைட உம்மா ஹிமாயாக்குச் சீனி வருத்தமாம், அவவும் அதே கட்டடத்துல செவ்வாய்க்கிழமைதான் மருந்தெடுக்கிறாவாம். ஊர் வாய மூட உலை மூடி இல்லயே. இனி அவன் அங்க போகக் கூடாது என்டு நாங்க ரெண்டு பொம்புளையும் முடிவெடுத்தம். இதுவரைக்கும் ஹிமாயா கண்டிருக்க மாட்டா, கண்டிருந்தா சம்பந்தத்துக்கு ஓம் பட்டிருப்பாவா என்டு கேட்டது நான்தான். பெரிய மூளைசாலி நான்.

அடுத்த செவ்வாய் கொப்பியத் தூக்கிட்டு நான் மட்டும் போனன். காய்ச்சல் என்டு சொன்னன். மிஸ் குளிசை தந்தா, ஆனா அடுத்த கிழமை ஆள் வரணும், இல்லாட்டி நாங்க வீட்டுக்கு வருவம் என்டு சொல்லிட்டா. வீட்டுக்கு வந்தா ஊரே பாக்குமே. அதுக்கடுத்த செவ்வாய் போய், நளீர் கட்டாருக்குப் போயிட்டான் மிஸ், நல்ல விசா ஒண்டு கெதியா வந்துச்சு என்டன். எங்கட ஊர்ல ஒருத்தனைக் காணல்ல என்டா எல்லாரும் சொல்ற கதைதானே. கடன்காரனுக்கும் சொல்ற, பொலிசுக்கும் சொல்ற, நான் மிஸ்ஸுக்குச் சொன்னன். அந்தப் புள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்க போயும் கவனமா இருக்கச் சொல்லுங்க ராத்தா என்டு சொல்லி, கொப்பியில என்னவோ எழுதி மூடினா.

கையில இருந்த குளிசையப் பாதி பாதியா உடைச்சுக் குடுத்தன். பாதியும் முடிஞ்சிச்சு. அவன் திரும்பவும் நித்திரையில்லாம வளவுக்குள்ள நடக்கத் தொடங்கினான். கலியாணப் பதட்டம் என்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டன்.

நிக்காஹ்வுக்கு ஒம்பது நாள். காலத்தால தேயிலை குடிச்சிட்டிருந்தவன் கோப்பைய வச்சிட்டுக் கேட்டான்.

"ராத்தா, இண்டைக்குச் செவ்வாய். ஒருக்காப் போய் மிஸ்ஸக் கண்டுட்டு வரட்டா? மனசு ஒரு மாதிரி இருக்கு."

"நீ கட்டார்ல இருக்கிற ஆள். எப்பிடிப் போய் அங்க நிப்பாய்? ஒம்பது நாள்தானே, பல்லைக் கடிச்சிட்டு இரு."

அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்.

"கட்டார்ல நல்ல வெக்கையா ராத்தா?"

நானும் சிரிச்சிட்டன். அதுதான் நாங்க ரெண்டு பேரும் கடைசியாக் கதைச்சது.

பகல் சோத்துக்கு அவன் வரல்ல. பின்னேரம் பள்ளியில அசருக்கு வாங்கு சொல்லிக்கிட்டிருக்கும்போது கடற்கரையிலிருந்து ரெண்டு பேர் வந்து மர்சூக்கைத் தனியாக் கூப்பிட்டாங்க. அதே வாடி, அதே பழைய வலை. பொலிஸ் வந்திச்சு, வேற ஆஸ்பத்திரியில மரண விசாரணை நடந்திச்சு. மிஸ் சொன்னதைத்தான் டொக்டரும் சொன்னார். பழைய அளவு, உடம்பு தாங்கல்ல. மறுநாள் பகல் ளுஹருக்குப் பிறகுதான் அடக்குறதுக்கு அவன்ட மையத்தைத் தந்தாங்க. எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டமோ, அது அதுக்குள்ள ஊர் முழுக்கப் போயிட்டுது.

சம்பந்தம் முறிஞ்சிட்டுது என்டுதான் எல்லாரும் நினைச்சம். ஆனா ஜனாஸா எடுத்த அண்டைக்கு ஹிமாயா வந்தா. நேரா என்னட்ட வந்து, என்ட கையப் புடிச்சிட்டுப் பக்கத்துல குந்தினா.

"உங்கட தம்பிய நான் கிழமைக்குக் கிழமை அங்க காண்றதான்," என்டா. "வெக்கப்படாம லைன்ல நிப்பார். ஒருக்கா எனக்கு இருக்கக் கதிரையும் எடுத்துத் தந்தார். இப்பிடி ஒழுங்கா வந்து மருந்தெடுக்கிற மனுசன்ட புள்ளைய எடுக்கலாம் என்டுதான் நாங்க ஓம் பட்டம். பிறகு ஆளைக் காணல்ல. ஏன் நிப்பாட்டினார்?"

அந்தப் பொம்புள என்ட கையை விட்டாப் போதும் போல இருந்திச்சு. மூலையில புருஷன் போன இத்தாவுக்கு வெள்ளை உடுத்திட்டு இருந்த ஷாஹினா என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தன். அதுக்குப் பிறகு நாங்க ரெண்டு பேரும் முகம் பாத்துக் கதைச்சதில்ல.

ரெண்டு மாசம் கழிச்சு நிக்காஹ் நடந்திச்சு. அக்கரைப்பத்துல பொஞ்சாதி வீட்டில இருக்கிற எங்கட சின்னத் தம்பி றஸாக் வந்து வொலியா இருந்தான். மாப்பிள்ளைட கையப் புடிச்சுக்கொண்டு வசனத்துல ரெண்டு இடம் தடுமாறினான். நளீர் தடுமாறியிருக்க மாட்டான். அவ்வளவு தரம் சொல்லிப் பாத்தவன்.

போன மாசம் பிரசருக்கு மருந்தெடுக்கப் போன இடத்துல மேனுஜா மிஸ் என்னைக் கண்டுட்டு ஓடி வந்தா. வெளியூர்ப் புள்ள, எங்கட மையத்துக் கதை அவட காதுக்குப் போகல்ல. ராத்தா, தம்பி கட்டார்ல எப்பிடி, சுகமா இருக்காரா என்டு கேட்டா.

ஓம் மிஸ், சுகமா இருக்கான் என்டன்.