ஜோடி சேராத துடுப்புகள்

எனக்கு அப்போது பத்து வயது. சித்திரை மாத ஞாயிறு, காலை ஏழேகால் மணி, இலை அசையாத வெயில். ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கீழே காவேரிக் கரையில் உட்கார்ந்து, மாமா எனக்காக வெட்டிக் கொண்டுவந்த கால் துடுப்புகளை ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது துடுப்பு வலதைவிட இரண்டு அங்குலம் நீளம்.

மாமாவுக்கு நாமக்கல்லில் லாரி டயர் பட்டறை. கெண்டை மீனின் வாலை விரித்துப் பார்த்துவிட்டு, பழைய டியூப்பை அதேபோல அடியில் தடிப்பாக ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து மெலிசாக்கியிருந்தார். போன மாதம் அஸ்தம்பட்டியில் நீச்சல் பழகும் என் பேத்திக்குத் துடுப்பு வாங்கினோம். திமிங்கலத்தைப் பார்த்துக் கணினியில் வடிவமைத்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தடவிப் பார்த்தேன். அடி தடிப்பு, ஓரம் மெலிசு. மாமா, நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் இதில் இரண்டும் ஒரே அளவு.

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே அச்சில் அளவு மாறிய டயர் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெரியப்பா மகனோ, நடு ஆற்றுப் பாறையைத் தொட்டுத் திரும்பாதவனை இனி ஆற்றுக்குக் கூட்டி வருவதில்லை என்று சொல்லிவிட்டான். நான் நீந்தினால் எப்போதும் இடப்பக்கமாகவே வட்டமடிப்பேன். காய்ச்சலில் சூம்பிப்போன இடது காலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“ஏனுங்க மாமா, ஒண்ணப் பெருசா வெட்டீட்டீங்க?”

“தண்ணி எடது பக்கமாத் தள்ளுது மாப்ள, அதுக்குத்தான். போட்டுக்கிட்டுப் போ சாமி.”

போனேன். நேராகப் போனேன். முன்பே போய்ப் பாறைமேல் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகன் நகர்ந்து இடம் விட்டான்.

திரும்பும் முன் யோசித்தேன். இப்போது கரையைப் பார்த்து நீந்த வேண்டும். அப்படியானால் தண்ணீர் வலப்பக்கம் அல்லவா தள்ளும்? துடுப்புகளைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு குதித்தேன். நின்ற இடத்திலேயே சுற்றினேன். மூன்று மடக்குத் தண்ணீர் குடித்தேன். மாமா கட்டிய வேட்டியோடு பாய்ந்து வந்து என்னைப் பாறைமேல் தூக்கிப் போட்டார்.

“எவன்டா மாத்திப் போடச் சொன்னது?”

“திரும்பறப்ப வலது பக்கந்தானுங்களே தள்ளும்?”

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே என் காலைப் பார்த்தார். பக்கத்தில் சிரிக்கத் தயாராக இருந்த பெரியப்பா மகனையும் பார்த்தார். பிறகு துடுப்புகளை முன்போலவே மாட்டிவிட்டார்.

“இது காவேரி மாப்ள. போறப்பவும் எடது பக்கந்தான் தள்ளும், வாரப்பவும் எடது பக்கந்தான் தள்ளும்.”

நம்பினேன். நேராக நீந்திக் கரையேறினேன். பள்ளி திறந்ததும் வகுப்பில் எழுந்து நின்று இதை எல்லோருக்கும் சொன்னேன். வாத்தியார் அப்படியெல்லாம் இல்லை என்றார். பாவம், அவர் காவேரியில் நீந்தியதே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.