புங்க மரத்துச் சில்வண்டும் என் காதும்

கணபதி ஏரியாவில் எங்கள் சந்து முழுக்க லேத் பட்டறைகள். அங்கே குடிவந்து பூச்சிப் பாட்டு கேட்கிற மனுசனை என்னவென்று சொல்வது? பக்கத்து வீட்டுக்காரர், பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். பொழுது விடிந்தால் போதும், அடைந்தால் போதும், வேறு சோலி இல்லை. இருட்டியதும் என் பட்டறை வாசல் புங்க மரத்தடிக்கு வந்து, சிக்னல் கிடைக்காதவர் மாதிரி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"தரையில இருக்கற சில்வண்டு விட்டு விட்டுக் கத்துமுங்க. மரத்துல இருக்கறது நிறுத்தாம இழுக்கும். சத்தத்தை வெச்சே இன்னதுன்னு சொல்லிப்போடலாமுங்க."

சத்தத்தைப் பற்றி எனக்கே பாடம்! நான் பம்ப் செட் செய்கிறவன். ஓடும் மோட்டார் மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, நான் சரி என்று சொல்லாமல் ஒரு பம்ப் வெளியே போகாது. மீட்டரெல்லாம் காது இல்லாதவனுக்கு. இந்தக் காதை நம்பித்தான் பட்டறையே ஓடுகிறது.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் பெரியநாயக்கன்பாளையத்து விவசாயி ஒருவர் புது பம்பைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். கீச்சென்று கத்துகிறதாம். ஓட்டிப் பார்த்தேன், ஒரு மண்ணும் இல்லை. "மொதல்ல உங்க காதைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன். மனுசன் பம்பை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இதா, இப்பக் கத்துதுங்க பாருங்க" என்றார் பேங்க்காரர், அந்த வாரமே ஒரு ராத்திரி. மற்ற பட்டறைகள் சாத்தியிருந்தன. என் மெஷினையும் நிறுத்தினேன். மரம் சும்மா நின்றது. போன் திரையில், சத்தத்தை அளக்கிற கோடு ஒன்று நெளிவதைக் காட்டினார்.

"படம் நல்லாருக்குதுங்க. சத்தம் எங்கீங்க?" என்று சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பட்டறைக்கு மேலேதான் எங்கள் வீடு. சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். "அம்மணி, இங்க வா. இந்த மரத்துல ஏதாச்சும் கத்துதா?"

படியிறங்கி வந்தவள் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏனுங்க, இது கேக்கலீங்களா? ஒரு மாசமா இந்தச் சனியன் என்னைத் தூங்க உடமாட்டேங்குதே!"

உள்ளே போய், மூலையில் கிடந்த பம்பை மாட்டி ஓட்டினேன். ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கேட்டேன். குறை சொல்ல முடியாத ஓட்டம்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.