ஜெயபுரத்தில் உப்பான கிணறு

பேச்சியம்மாவின் பெற்றோர் மலையகத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயம் எரிந்த பிறகு சிறுபிள்ளையாக வன்னிக்கு வந்த அவர், ஜெயபுரத்திலேயே வளர்ந்து சங்கிலியைக் கலியாணம் செய்தார். காணியில் கிணறு வெட்டியது அவர்கள் இருவரும்தான். சங்கிலி மண்ணை வெட்ட, பேச்சியம்மா கடகத்தில் அள்ளி மேலே ஏற்றினார். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பியபோது வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. சங்கிலி காய்ச்சலில் இறந்த பிறகும் அந்தத் தண்ணீரில்தான் கச்சான் கடலையும் மிளகாயும் விளைவித்துக் குடும்பத்தை நிமிர்த்தினார்.

அப்போதுதான் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கும் கொம்பனி ஒன்று பக்கத்துக் காணிக்கு வந்தது. ஆழமான குழாய்க் கிணறுகளை அடித்து, இரவு பகலாக மோட்டார் ஓடியது. கடல் தூரமில்லாத ஊர் அது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் உப்புத் தண்ணீர் ஏறியது. அடுத்த கோடையில் பேச்சியம்மாவின் தேத்தண்ணீர் கரித்தது. மிளகாய் இலைகளின் ஓரம் கருகியது.

கொம்பனிக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனார்.

"ஆட்சேபம் இருந்தாச் சொல்லச் சொல்லி அறிவித்தல் ஒட்டினனாங்கள் அம்மா. ஒருத்தரும் வரேல்லை" என்றார் அதிகாரி.

"எங்க ஒட்டினனீங்கள்?"

"இந்தச் சுவரிலதான்."

பேச்சியம்மா அந்தச் சுவருக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "எங்கட ஊர்க் கிணத்தைப் பற்றின கதையை உங்கட சுவருக்கோ சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர், நேரே கிளிநொச்சியில் கஜேந்தினி என்ற இளம் சட்டத்தரணியிடம் போனார்.

வழக்குப் பதிவானதும் கொம்பனிக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. தன் பெயர் எழுதிய பவுசர் வண்டியில் ஊருக்கு இலவசமாகத் தண்ணீர் அனுப்பியது. பேச்சியம்மா அதைத் தொடவில்லை. மருமகள் ராஜினிக்கோ கைக்குழந்தை. அவள் பிளாஸ்டிக் கானை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பவுசர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் படம் எடுத்தார்கள்.

அந்தப் படங்கள் நீதிமன்றத்தில் வந்து நின்றன.

கொம்பனியின் சட்டத்தரணி முதலில் காணி உறுதிப் பத்திரம் கேட்டார். அத்தனை வருடம் அங்கே குடியிருந்தும் அரசாங்கம் பேச்சியம்மாவுக்கு உறுதி கொடுக்கவில்லை. "உறுதியே இல்லாதவருக்குக் கிணற்றில் என்ன உரிமை?" என்றார் சட்டத்தரணி. பிறகு ஒரு படத்தை நீட்டினார்.

"இது யார்?"

"என்ர மருமகள்."

"சிரித்துக்கொண்டு தண்ணீர் வாங்குகிறாரே. பிறகு உங்களுக்கு என்ன குறை?"

பேச்சியம்மா படத்தைப் பார்த்தார். ராஜினி சிரிக்கவில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். அவர் நீதவான் பக்கம் திரும்பினார்.

"ஐயா, கிணத்துத் தண்ணி நல்லாயிருந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் ஏன் ரோட்டில நிக்கிறாள்? எங்கட நிலத்துக்குக் கீழ இருந்து எடுத்த தண்ணியையே எங்களுக்குப் பிச்சையாத் தந்து, அதையும் படம் பிடிச்சுக் கொண்டு வந்திருக்கினம்!"

ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லையென்றால் பவுசர் எதற்கு அனுப்பப்பட்டது என்று நீதவான் கேட்டார். உறுதி இல்லாவிட்டாலும் ஊரின் குடிதண்ணீரைக் கெடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்று சொல்லி, மோட்டார்களை நிறுத்தும்படி கட்டளையிட்டார். மேல்முறையீட்டிலும் கொம்பனி தோற்றது, அனுமதியும் இரத்தானது. மறுநாளே பவுசரும் நின்றுவிட்டது.

ஆனால் இரண்டு மாரி பெய்தும் கிணறு தெளியவில்லை. இன்றைக்கும் ராஜினி சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு உப்பேறாத கோயில் கிணற்றுக்குப் போய்வருகிறாள். கெடுத்தவர்கள் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அனுமதி கொடுத்த அதிகாரிக்கு இடமாற்றம்கூட இல்லை.

"நட்டஈட்டுக்கு வேற வழக்குத்தான் போடவேணும் அம்மா. வருசக்கணக்கா இழுபடும்" என்றாள் கஜேந்தினி தயக்கத்தோடு.

"போடு பிள்ளை" என்றார் பேச்சியம்மா. "எத்தினை தவணை எண்டாலும் நான் கோட்டுக்கு வாறன்."