மீட்புப் பணம் வேண்டாமென்ற பேராயர்

1987இல் கனடாவில், ஸ்காபரோ நகரில் பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படித்தேன். அதில் தேறினால்தான் தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்குக் கிடைத்த தலைப்பு, ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பேராயர். வைக்கிங் கொள்ளையர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டார்கள். ஏழைச் சனங்களிடம் பிடுங்கித் தரவேண்டாம் என்று மனுஷன் மறுத்துவிட்டார். குடிவெறியில் இருந்தவர்கள், விருந்தில் மிஞ்சிய மாட்டெலும்புகளால் எறிந்து அவரைக் கொன்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பென்றால் பாடமாக்குவதுதான். அந்த அத்தியாயம் முழுவதையும் பாடமாக்கி, வகுப்பில் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, முழுப் புள்ளிக்காகக் காத்திருந்தேன்.

என்னிலும் வயது குறைந்த வெள்ளைக்கார ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொப்பி அடித்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று முதல் வரியிலிருந்து ஒப்புவித்தேன். படத்துக்குக் கீழே இருந்த வரியைக்கூட விடவில்லை. போதும் போதும் என்று அவர் கையைக் காட்டினார்.

“பார்த்து எழுதவில்லை, நம்புகிறேன். ஆனால் இது புத்தகம் சொல்வது. பேராயர் செய்தது சரியா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

என் வாழ்நாளில் எந்த ஆசிரியரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். அவர் பெரிய மனிதர்தான், ஆனால் செய்தது பிழை என்றேன். வெளியே நின்று தவிக்கிற சனத்தை அவர் நினைக்கவில்லை என்றேன். ஊரில் என் தம்பியை ஆமி பிடித்தபோது அவனும் காசு கொடுக்கவேண்டாம் என்றுதான் சொல்லியனுப்பினான். நான் கேட்கவில்லை. தாலிக்கொடியை விற்று அவனை வெளியே எடுத்தேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

“இதை எழுதுங்கள்” என்றார் ஆசிரியை.

அங்கேயே இருந்து எழுதினேன். எழுத்துப்பிழைகள் மலிந்த ஒன்றரைப் பக்கம். வாசித்து முடித்து, தேறிவிட்டீர்கள் என்று கை கொடுத்தார்.

வாசலில் தம்பி தன் பழைய காரோடு நின்றான்.

“என்னக்கா, பாஸோ?”

“ஓமடா. ஒரு பேராயரைப் பற்றி எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டன்.”

“ஆரக்கா அவர்?”

“உன்னை மாதிரிக் காசு குடுக்கவேண்டாமெண்ட ஒரு விசரன்தான். பாவம், அவருக்கு அக்கா இருக்கேல்லை.”