டிரக்குக்கும் டிரெய்லருக்கும் பார்த்த பொருத்தம்

எங்கள் டிரக் அந்த டிரெய்லரை இழுக்கும் என்று விற்றவன் சொன்னான். பொய் சொல்லவில்லை, இழுத்தது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டு வருவார்களே, அப்படித்தான் நாங்களும் 'இழுக்குமா' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். தாங்குமா, அடக்குமா, நிறுத்துமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டிரெய்லர் என்றால் சக்கரத்தின் மேல் ஒரு வீடு. முன்பக்கம் படுக்கை, நடுவில் குளியலறை, கடைசியில் அகலமான ஜன்னலோடு சமையலறை. தனக்கென்று இன்ஜின் கிடையாது. டிரக்கின் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். எங்களிடம் இருந்ததோ சின்ன ரக பிக்கப் டிரக். தோட்டத்துக்கு மண் மூட்டையும் தக்காளிச் செடியும் ஏற்றி வரலாம் என்று வாங்கியது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் தெருவில் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று பார்த்தால், டிரக் அதற்குப் பிறந்த குழந்தை மாதிரி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது.

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், மகளுக்காக. எங்களுக்கு ஒரே பெண். கலிஃபோர்னியாவில் பே ஏரியா பக்கம் காலேஜ் கிடைத்திருந்தது. என் வீட்டுக்காரர் எண்ணெய்க் குழாய் போடுகிற கம்பெனியில் இன்ஜினியர். பாதி வருஷம் சைட்டில் இருப்பார், மீதி வருஷம் ஃப்ரீவேயில் இருப்பார். அவள் பல் விழுந்ததையும் சைக்கிள் ஓட்டியதையும் போனில் பார்த்த மனுஷன். அந்தக் குறை அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

"ஃப்ளைட் எல்லாம் வேண்டாம். நானே ட்ரைவ் பண்ணிக் கொண்டுபோய் விடறேன். பத்துப் பதினஞ்சு நாள் ஆகட்டுமே, என்ன இப்போ?" என்றார்.

டெக்சாஸைத் தாண்டி, நியூ மெக்சிகோ, அரிசோனா என்று பாலைவனம் பூராவும் மெதுவாகப் போவது. நினைத்த இடத்தில் நிறுத்திச் சோறாக்கிச் சாப்பிடுவது. சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பேசுவது. என்ன பேசுவார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்த நாட்கள் அவருக்கு வேண்டும். இந்த ஊரில் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போகிற பிள்ளை, அதன் பிறகு விருந்தாளியாகத்தான் வரும். விட்டால் பிடிக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வசந்த காலம் முழுக்க, சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் சோஃபாவில் உட்கார்ந்து டிரெய்லர் இழுப்பதைப் பற்றி வீடியோ பார்த்தார்கள். எப்படி ரிவர்ஸ் எடுப்பது, டயரில் காற்று எவ்வளவு, கண்ணாடியை எப்படி வெளியே நீட்டுவது. டிரெய்லர் பின்னால் ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை அழுத்தக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பி அதோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் சின்ன லீவரை நகர்த்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். அவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நடுநடுவே இரண்டும் சேர்ந்து சிரிக்கும். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தைத் தேய்ப்பேன். கண் பட்டுவிடுமோ என்று பயம்தான்.

பெரிய பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகை வேண்டுமே. ஐந்தாறு குடும்பமாக ஓர் ஏரிக்கரைக்கு வார இறுதியில் கேம்பிங் போவதாக ஏற்பாடு. மற்றவர்கள் கூடாரம், நாங்கள் டிரெய்லர். வந்தது வினை.

"அக்கா, உங்களுதுல நிறைய ஸ்பேஸ் இருக்குல்ல? இந்த கிரைண்டர மட்டும் போட்டுக்கங்க" என்று ஒருத்தி கொண்டுவந்தாள். சனிக்கிழமை காலையில் மெதுவடை இல்லாமல் தமிழர்கள் காட்டுக்குப் போகக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா, தெரியவில்லை. அவள் பின்னாலேயே பிரியாணி அண்டா வந்தது. இரட்டை அடுப்பு வந்தது. அரிசி மூட்டை, மசாலா தடவிய கோழியும் ஐஸும் நிரம்பிய பெட்டிகள், இரும்புத் தோசைக்கல் இரண்டு, தண்ணீர் கேன்கள். ஏரிக்கரையில் குழாயே இல்லை என்று யார் சொன்னார்களோ. இடம் இல்லை என்றால் நம் ஆட்களிடம் தயங்காமல் சொல்லிவிடலாம். கண்ணெதிரே காலி அறையை வைத்துக்கொண்டு, இடம் இருக்கிறது, எடைதான் தாங்காது என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மாதிரி ஆகிவிடாதா? "அதுக்கென்ன, வைங்க வைங்க" என்றோம். நானும்தான் சொன்னேன், அவரும்தான் சொன்னார்.

எல்லாம் ஏறியதும் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. வாசலில் நாலைந்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசித்தார்கள். எல்லோரும் இன்ஜினியர், ஒருத்தர் டாக்டர்.

"பாஸ், முன்னாடி இருக்கறத எல்லாம் பின்னாடி கிச்சனுக்குத் தள்ளுங்க. சிம்பிள் லீவர்தானே, டிரக் தானா லிஃப்ட் ஆயிடும்" என்றார் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர்.

தள்ளினார்கள். டிரக் எழுந்து நேராக நின்றது. கை தட்டாத குறை.

மகள் மட்டும் அப்பாவின் கையைத் தொட்டாள். வீடியோவில் அப்படிச் சொல்லவில்லையே, முன்னால் கொக்கியில்தானே கனம் அழுத்த வேண்டும் என்று இங்கிலீஷில் மெல்லக் கேட்டாள். அவருக்கும் அது தெரியாததில்லை. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்னால் அழுத்தினால்தான் அது ஒழுங்காகப் பின்னால் வரும், பின்பாரம் கூடினால் வாலை ஆட்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவர். ஆனால் கண்ணுக்கு முன்னால் டிரக் நேராக நிற்கிறது. அத்தனை பேர் நிற்கிறார்கள்.

"கொஞ்ச தூரம்தானே கண்ணு. ஸ்லோவாப் போயிக்கலாம்" என்றார்.

மெதுவாகத்தான் போனார். மேற்கே போகிற ஃப்ரீவேயில் வலது ஓரமாக, எல்லோரும் எங்களைத் தாண்டிப் போக விட்டுக்கொண்டு. ஹூஸ்டன் நெரிசல் விட்டதும் அவருக்கு இறுக்கம் தளர்ந்தது. பாட்டுக்கூடப் போட்டார். ஓர் இறக்கத்தில் வண்டி தானாகக் கொஞ்சம் வேகம் பிடித்தது. அதே நேரம் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தது. அதன் காற்று டிரெய்லரை ஓர் அறை அறைந்தது.

முதலில் இருக்கைக்கு அடியில் யாரோ வண்டியின் இடுப்பைப் பிடித்துத் திருப்பியது போல இருந்தது. பிறகு அந்தப் பக்கம். பிறகு இந்தப் பக்கம், இன்னும் பெரிதாக. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் அடுத்த லேனில் தெரிகிறது, மறு நொடி ஓரத் தடுப்புப் பக்கம் போகிறது. உள்ளே அண்டா உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. நாங்கள் அதை இழுத்துப் போகவில்லை. அதுதான் எங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆட்டம் இரண்டு மடங்கானது. எனக்கு முருகா என்றுகூட வாய் வரவில்லை.

பின் சீட்டிலிருந்து மகளின் குரல் வந்தது. கத்தவில்லை. "அப்பா, பிரேக் வேண்டாம். அந்த லீவர்." பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் பேசிய நல்ல தமிழ் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் காலை எடுத்தார். கை தடவிப்போய் அந்த லீவரைத் தள்ளியது. பின்னாலிருந்து ஏதோ எங்களைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஆட்டம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கக்கூட மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் பின்னாலிருந்து எட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகலப்பா, ஒன்றும் ஆகல என்று அவள் பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நத்தை மாதிரி ஊர்ந்து, லாரிகளை எடைபோடும் மேடை இருக்கிற ஒரு நிறுத்தத்துக்குப் போய் எடை போட்டோம். பிறகு பாரத்தை முன்னால் மாற்றி மறுபடியும் போட்டோம். விஷயம் அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. டிரெய்லருக்கு முறையாகப் பாரம் ஏற்றினால் டிரக் தாங்காது, அதன் கதவில் எழுதி ஒட்டியிருக்கும் எடை வரம்புக்கு மேலே போகிறது. டிரக்குக்குச் சுகமாக ஏற்றினால் டிரெய்லர் ஆடும். கிரைண்டரை இறக்கினாலும், அண்டாவை இறக்கினாலும், நாங்கள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். இந்த இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. அன்று அதை வீட்டுக்கு இழுத்து வந்தது ஒரு நண்பருடைய பெரிய டீசல் டிரக்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றார் அந்த நண்பர். இவர் தலையை ஆட்டினார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

டிரெய்லரை விற்றோம். பெரிய டிரக் வாங்கலாம் என்றார்கள், சின்ன டிரெய்லர் வாடகைக்கு எடுக்கலாம் என்றார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம்மா. அவள உள்ள வச்சுக்கிட்டு இனி நான் எதையும் இழுக்க மாட்டேன். என் கையாலயே என் புள்ளைய..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பயந்தவனிடம் நியாயம் பேச முடியாது.

ஃப்ளைட் டிக்கெட் எடுத்தோம். மகளிடம் சொன்னபோது அவள் "இட்ஸ் ஃபைன்" என்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு. அவர் டிக்கெட்டைப் பற்றியே பேசினார். அவள் மாடிக்குப் போய்விட்டாள். பயணம் இல்லாமல் போன வருத்தம், தானே சரியாகிவிடும் என்று நினைத்தேன். சோஃபாவில் சேர்ந்து உட்காருவது அதோடு நின்றது. பார்க்க வீடியோ எதுவும் இல்லையே. அவர் மறுபடி ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்துகொண்டார், அவள் தோழிகளோடு போனாள். கிளம்புவதற்கு முன் அவளுடைய பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எடை போட்டார். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் புத்தகத்தை மாற்றினார். அப்பாவும் பெண்ணும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அதுதான். மதியம் போய் இறங்கி, அறையில் சாமானை வைத்துவிட்டு, அடுத்த நாளே திரும்பிவிட்டோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கீழே தெரிந்த பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார் என் வீட்டுக்காரர். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது அவளுக்குப் படிப்பு முடியப் போகிறது. போன நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தோழிகளோடு அரிசோனா பக்கம் காரில் சுற்றி வந்ததைச் சொன்னாள். எங்கெங்கே நிறுத்தினார்கள், எந்த மோட்டலில் தங்கினார்கள் என்றெல்லாம் சொன்னாள். அவர் அந்த இடங்களின் பெயரையெல்லாம் அவள் சொல்வதற்கு முன்பே சொன்னார். வரைபடத்தில் பார்த்து வைத்தவர் அல்லவா.

"நாமளும் போயிருக்கணும் கண்ணு. அந்த டிரெய்லர்தான் கெடுத்துருச்சு" என்றார்.

அவள் கையிலிருந்த அப்பளத்தைத் தட்டில் வைத்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், கோபமே இல்லாமல். நான் டிரெய்லர் கேட்கவே இல்லையேப்பா, நம்மிடம்தான் கார் இருந்ததே. நீங்கள் சொல்வீர்கள், காரை எடு போகலாம் என்று சொல்வீர்கள் என்று கிளம்புகிற அன்று காலை வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன்.

கடவுளே, கார் இருந்ததே. வழி நெடுக மோட்டல் இருந்ததே. இவ்வளவு படித்து, இவ்வளவு கணக்குப் போட்டு, அது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர்தான் கேட்டார். "சரி கண்ணு, இந்த சம்மர் போலாமா? கார்லயே. நானும் நீயும்."

"இந்த சம்மர் வேலையில ஜாயின் பண்றேன்ப்பா" என்றாள். லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பார்க்க நினைக்கிறாள், ஆனால் கிடைக்காது. இத்தனை வருஷமாக சைட்டிலிருந்து போன் செய்து இவர் அவளிடம் சொன்னதும் இதே பதில்தான்.

"ஆமா, வேலை முக்கியம்" என்றார் அவர். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.